முற்றத்து இனிப்பும் ஒரு கோப்பைச் சாயமும்



வீட்டுத்தோட்டம் பற்றி எழுதும்போதெல்லாம் கீரை, கத்தரி, மிளகாய் என்றுதான் தொடங்குகிறோம். ஆனால் நம் வீடுகளில் காலை எழுந்ததும் அடுப்பில் ஏறுவது கறிச்சட்டி அல்ல, கேத்தல்தான். மலையகத்தில் அதைச் சாயம் என்போம். வடக்கிலும் கிழக்கிலும் தேத்தண்ணி என்பார்கள். பெயர் எதுவானாலும், கையில் காசு குறைந்த நாளில் வயிற்றுக்கும் மனதுக்கும் தெம்பு கொடுப்பது அதுதான். அந்தக் கோப்பைக்குள் போகும் பொருட்களில் எவற்றை நம் முற்றத்திலேயே வளர்த்துக்கொள்ளலாம் என்று இந்த மாதம் பார்ப்போம்.

நான் பிறந்து வளர்ந்தது பசறைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில். அம்மா கொழுந்து பறித்தவர். ஊவாவில் ஆடி, ஆவணி மாதங்களில் கச்சான் காற்று வீசும். தென்மேல் பருவக்காற்று மலையின் மறுபக்கத்தில் மழையைக் கொட்டிவிட்டு, நம் பக்கத்துக்கு வறண்ட காற்றாக வந்து சேரும். அந்தக் காற்றில் வாடும் கொழுந்துக்குத்தான் உலகச் சந்தையில் பெயர் பெற்ற ஊவா வாசம் வருகிறது. அந்தத் தேயிலை கொழும்பு ஏலத்துக்குப் போய்விடும். லயத்துக்கு வருவது தோட்டத்தில் கொடுக்கும் தூள். ஆனால் தூளை மட்டமாக நினைக்க வேண்டாம். துகள் சிறியது என்பதால் சாயம் சீக்கிரம் இறங்கும். கொஞ்சம் போட்டாலே போதும்.

இன்னொரு விஷயமும் உண்டு. தேயிலை மலை பதுளையில். கரும்புக் காடு பக்கத்து மொனராகலை மாவட்டத்தில், பெல்வத்தையிலும் செவனகலையிலும். இரண்டும் ஒரே ஊவா மாகாணம்தான். அப்படியிருந்தும் இந்த நாட்டுக்கு வேண்டிய சீனியில் பெரும்பகுதி கப்பலில்தான் வருகிறது. அதனால்தான் டொலர் ஏறும்போதெல்லாம் நம் கோப்பையில் இனிப்புக் குறைகிறது. 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் அதை எல்லோரும் பார்த்தோம். அரசாங்க ஊழியருக்கு வெள்ளிக்கிழமை லீவு கொடுத்து, வீட்டில் பயிர் செய்யுங்கள் என்று சொன்ன காலம் அது.

ஒரு கோப்பையின் மானம்

என் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1983 ஆடியில் பதுளை நகரம் எரிந்தபோது அவர் கல்யாணமான புதுசு. பயத்தில் அவரும் மச்சானும் வன்னிக்குப் போனார்கள். 1977க்குப் பிறகும் 1983க்குப் பிறகும் மலையகத்திலிருந்து அப்படிப் போனவர்கள் ஏராளம். கிளிநொச்சியில் பாரதிபுரம், மலையாளபுரம், கிருஷ்ணபுரம் போன்ற ஊர்களுக்குப் போனால் இன்றும் நம் பேச்சைக் கேட்கலாம். இந்தப் பக்கத்தை வாசிக்கும் உங்களில் பலரும் அந்த ஊர்களில்தான் இருப்பீர்கள்.

2009இல் மச்சான் இல்லாமல் போனார். அக்கா பிள்ளைகளோடு செட்டிகுளம் முகாமில் இருந்துவிட்டு, 2010இல் தன் காணிக்குத் திரும்பினார். தறப்பாள் கொட்டில்தான் வீடு. அந்த நாட்களைப் பற்றி அவர் என்னிடம் சொன்னது இதுதான்: "பசி பழகிப் போச்சு. ஆனா யாராவது படலையைத் திறந்தா நெஞ்சு படபடக்கும். வந்தவங்களுக்கு ஒரு தேத்தண்ணி குடுக்கச் சீனி இல்லையே. அதனாலேயே நானும் யார் வீட்டுக்கும் போறதில்ல."

இந்தப் பேச்சு எனக்குள் நெடுநாள் கிடந்தது. புருஷனை இழந்த பெண்ணை ஊர் ஒதுக்குகிறது என்று நாம் கூட்டங்களில் பேசுகிறோம். சில வேளைகளில் அவளே ஒதுங்கிக்கொள்கிறாள். வாங்கிக் குடித்த கோப்பைக்கு ஒரு கோப்பை திருப்பிக் கொடுக்க முடியவில்லை என்பதுதான் காரணம். போக்குவரத்து நின்றால் பேச்சு நிற்கும். பேச்சு நின்றால் உதவியும் நிற்கும்.

அக்காவின் அயலில் ஒரு யாழ்ப்பாணத்து அம்மா இருந்தார். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில், சீனி கிடைக்காமல் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு தேத்தண்ணி குடித்துப் பழகியவர். அவர் ஒரு குட்டான் பனங்கட்டியோடு அக்காவிடம் வந்து, "உன்னட்டைத் தூள் இருக்கு, என்னட்டை இனிப்பு இருக்கு, அடுப்பை மூட்டு பிள்ளை" என்றாராம். நான் அடுத்த முறை போகும்போது வேரோடு நான்கு எலுமிச்சைப்புல் தூரும், ஒரு துண்டு இஞ்சியும் ஈரச்சாக்கில் சுற்றிக் கொண்டுபோனேன். புல் பிடித்துக்கொண்டது. இஞ்சி வெயிலில் திணறியது. மாமர நிழலுக்கு மாற்றிய பிறகு அதுவும் தலைதூக்கியது.

முற்றத்தில் என்ன வைக்கலாம்?

லயத்தில் இருப்பவர்களுக்கு நிலம் சொந்தமில்லை. வாசலில் ஒரு பாய் விரிக்கும் இடம்தான் பலருக்கு உண்டு. அதனால் உரச்சாக்கு, பழைய வாளி, டின் ஆகியவற்றில் வளரக்கூடியவற்றையே முதலில் சொல்கிறேன். எதில் வைத்தாலும் அடியில் தண்ணீர் வடிய ஓட்டை போடுங்கள்.

எலுமிச்சைப்புல்: சிங்களத்தில் சேர என்பார்கள். ஒரு தூரைப் பிரித்து நட்டால் சில மாதங்களில் பெரிய புதராகும். மலைநாட்டிலும் வளரும், வன்னி வெயிலையும் தாங்கும். சரிவான இடத்தில் குறுக்கு வரிசையாக நட்டால் மேல்மண் கழுவிப் போவதைக் குறைக்கும். ஆனால் மண்சரிவை அது தடுத்துவிடும் என்று நம்பிவிடாதீர்கள். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதையும், 2025 நவம்பரில் டித்வா புயல் மழையில் பதுளை மாவட்டம் பட்டதையும் மறக்க முடியாது. வீட்டுக்கு மேலே உள்ள மண்மேட்டை வெட்டித் தோட்டம் போட வேண்டாம். வெளியேறச் சொல்லி அறிவித்தல் வந்தால் செடியை அல்ல, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு புறப்படுங்கள்.

இஞ்சி: முளைவிட்ட துண்டை இரண்டு அங்குல ஆழத்தில், எருக் கலந்த பொலபொலப்பான மண்ணில் வையுங்கள். அரை நிழல் நல்லது. எட்டு, ஒன்பது மாதத்தில் இலை காயும்போது கிண்டலாம். தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும்.

ரம்பை, புதினா, துளசி: மூன்றும் ஈரம் கேட்பவை. கேத்தல் கழுவும் தண்ணீரே போதும். ரம்பை இலை ஒரு சாண் துண்டு போட்டால் வாசம் தனி.

தேசிக்காய்: இடம் உள்ளவர்கள் ஒரு மரம் வையுங்கள். இதன் பயனைப் பின்னால் சொல்கிறேன்.

ஆவரசு: வன்னி, மன்னார், மட்டக்களப்புச் சகோதரிகளுக்கு இதை நட வேண்டிய அவசியமே இல்லை, வேலியோரம் தானாக நிற்கும். மஞ்சள் பூவைப் பறித்து நிழலில் காயவைத்து, மூன்று கோப்பைத் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி அளவு போட்டுக் கொதிக்க வைத்தால் பொன்னிறத் தேநீர். சிங்கள மக்கள் ரணவரா என்று கருப்பட்டித் துண்டோடு குடிப்பது இதைத்தான்.

சீனித்துளசி: பெயரில் துளசி இருந்தாலும் இது துளசி இனம் அல்ல. தென்னமெரிக்காவின் பராகுவே நாட்டுச் செடி. அங்குள்ள குவாரானிப் பழங்குடி மக்கள் தங்கள் கசப்புத் தேநீரை இனிப்பாக்க இதன் இலையைப் பயன்படுத்தி வந்தார்கள். இலையிலிருந்து பிரித்தெடுக்கும் இனிப்புப் பொருள், சீனியைவிட 200 முதல் 300 மடங்கு இனிப்பானது. விதை சரியாக முளைக்காது. தெரிந்தவர்களிடம் ஒரு கிளை வாங்கி நான்கு அங்குலத் துண்டாக நட்டுக்கொள்ளுங்கள். பகல் நேரம் குறைவான நம்மைப் போன்ற நாடுகளில் இது சீக்கிரம் பூத்துவிடும். பூத்த பிறகு இலையின் இனிப்புக் குறையும். அதனால் மொட்டுக் காணும்போதே நுனியைக் கிள்ளிவிடுங்கள். பக்கக் கிளைகளும் வரும். வன்னியில் வைப்பவர்கள் மதிய வெயில் படாத இடத்தில் வையுங்கள்.

ஒரு எச்சரிக்கை. குன்றிமணிக் கொடியின் இலையும் மென்றால் இனிக்கும். ஆனால் அதன் சிவப்பும் கறுப்புமான விதை கொடிய நஞ்சு. பிள்ளைகள் உள்ள வீட்டு வேலியில் அந்தக் கொடி இருப்பது நல்லதல்ல.

செய்முறை

நான்கு பேருக்கு: தண்ணீர் நாலரைக் கோப்பை, நசுக்கிய இஞ்சி ஒரு அங்குலத் துண்டு, முடிச்சுப் போட்ட எலுமிச்சைப்புல் இரண்டு தண்டு, ரம்பை ஒரு துண்டு. இருந்தால் ஏலக்காய் ஒன்று, கறுவா ஒரு சிறு துண்டு.

இவற்றைத் தண்ணீரில் போட்டு, மூடி, சிறு நெருப்பில் ஐந்து நிமிடம் கொதிக்க விடுங்கள். மூடாமல் கொதித்தால் வாசம் எல்லாம் கூரைக்குத்தான் போகும். பிறகு அடுப்பிலிருந்து இறக்கி, தேயிலைத்தூள் இரண்டு தேக்கரண்டி போட்டு மறுபடி மூடுங்கள். தூள் என்றால் இரண்டு நிமிடம், பெரிய இலைத் தேயிலை என்றால் நான்கு நிமிடம். தூளைப் போட்டபின் கொதிக்க விட்டால் துவர்ப்பும் கசப்பும் ஏறும். அந்தக் கசப்பை மறைக்கத்தான் நாம் இன்னும் ஒரு கரண்டி சீனி போடுகிறோம். இந்த ஒன்றைத் திருத்தினாலே சீனிச் செலவு குறையும்.

இனிப்புக்கு மூன்று வழி. ஒன்று, கித்துள் கருப்பட்டியோ பனங்கட்டியோ ஆளுக்கு ஒரு சிறு துண்டு கையில் கொடுத்துக் கடித்துக் குடிப்பது. கோப்பைக்குள் கரைப்பதைவிட இதில் குறைவாகவே செலவாகும். நாக்கில் நேரே படுவதால் இனிப்புத் தெரியும். இரண்டு, காய்ந்த சீனித்துளசி இலையை நொறுக்கி, நான்கு கோப்பைக்கு அரைத் தேக்கரண்டி அளவு தூளோடு சேர்த்துப் போடுவது. கூடினால் கடைசியில் ஒரு கசப்புத் தட்டும். மூன்று, இரண்டையும் பாதிப் பாதியாகச் சேர்ப்பது. எங்கள் வீட்டில் பிடித்துப்போனது இந்த மூன்றாவதுதான்.

தேசிக்காய் விடுவதானால் வடித்த பிறகு விடுங்கள். சாயம் வெளிறிப் பொன்னிறமாகும். தூள் குறைந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம், புளிப்புப் பட்டால் அந்த நிறம்தான்.

பதுளைப் பக்கம் சொந்தமாகச் சில தேயிலைச் செடி வைத்திருப்பவர்கள் கையாலேயே தூளும் செய்யலாம். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகப் பறித்து, ஓர் இரவு பரப்பி வாடவிட்டு, காலையில் சாறு கசியும்வரை உள்ளங்கையால் உருட்டுங்கள். ஈரத்துணியால் மூடி இரண்டு மூன்று மணித்தியாலம் வைத்தால் செம்பு நிறமாகும். பிறகு தாச்சியில் சிறு நெருப்பில் மொறுமொறுப்பாகும்வரை வறுத்தெடுத்தால் தேயிலை. ஐந்து கிலோ பச்சைக் கொழுந்துக்குச் சுமார் ஒரு கிலோ வரும்.

கணக்கும் உடம்பும்

ஒரு கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி சீனி, நாளைக்கு ஐந்து கோப்பை என்று வையுங்கள். ஒரு தேக்கரண்டி சுமார் 4 கிராம். ஒருவருக்கு நாளைக்கு 40 கிராம், மாதத்துக்கு 1200 கிராம். நான்கு பேர் உள்ள வீட்டில் ஏறக்குறைய 5 கிலோ. இதில் பாதியைக் குறைத்தால் மாதம் இரண்டரைக் கிலோ சீனிக் காசு கையில் நிற்கும். உங்கள் ஊர்க் கடை விலையைப் போட்டுப் பெருக்கிப் பாருங்கள். ஒரு பிள்ளையின் கொப்பிக் காசு அதில் இருக்கும்.

உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்ன அளவு, சேர்த்துக்கொள்ளும் சீனி நாளைக்கு 25 கிராமுக்குள், அதாவது ஆறு தேக்கரண்டிக்குள் இருந்தால் நல்லது என்பது. நாம் தேத்தண்ணியிலேயே அதைத் தாண்டிவிடுகிறோம்.

சீனி வருத்தம் உள்ள சகோதரிகள் கவனிக்க வேண்டியது: கருப்பட்டியும் பனங்கட்டியும் இரத்தத்தில் சீனியை ஏற்றத்தான் செய்யும். "இயற்கை இனிப்பு, ஒன்றும் செய்யாது" என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். சீனித்துளசி அப்படி ஏற்றாது. ஆனாலும் உணவுக் கட்டுப்பாட்டு நிறுவனங்கள் பாதுகாப்பானது என்று ஏற்றுக்கொண்டது அதன் சுத்திகரித்த சாரத்தைத்தான். பச்சை இலையை அல்ல. உடம்பு மெலிவதற்காக இப்படியான மாற்று இனிப்புகளை நம்பியிருக்க வேண்டாம் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2023இல் கூறியிருக்கிறது. ஆகவே அளவோடு பாவியுங்கள். கர்ப்பமாக இருப்பவர்களும், பிரஷருக்கும் சீனிக்கும் மருந்து எடுப்பவர்களும் கிளினிக்கில் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். எந்தக் காரணத்துக்காகவும் மாத்திரையை நிறுத்த வேண்டாம்.

இன்னொன்று, தோட்டத்துப் பெண்களுக்கும் யுத்தத்தில் நொந்த பெண்களுக்கும் பொதுவானது: இரத்தச்சோகை. தேயிலையில் உள்ள துவர்ப்புப் பொருள், கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ளாமல் தடுக்கும். சோற்றோடும் ரொட்டியோடும் சேர்த்துச் சாயம் குடித்தால் அந்தச் சத்தில் பாதிக்கும் மேல் வீணாகலாம். எனவே சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள். கிளினிக்கில் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையைத் தேத்தண்ணியோடு விழுங்கவே கூடாது. தேசிக்காய்ச்சாறு இதற்கு எதிரான வேலை செய்கிறது. இரும்புச்சத்தை உடம்பில் சேர்க்கும். கீரைச் சுண்டலில் தேசிக்காய் பிழியச் சொல்வது அதற்காகத்தான்.

"வெறும் ரொட்டியும் சாயமும்தான் சாப்பாடு, அதைப் பிரித்துச் சாப்பிடு என்றால் எப்படி?" என்று மலையில் வேலை செய்யும் சகோதரிகள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. விடிய மலைக்கு ஏறுகிறவருக்கு மணிக்கூடு பார்த்துக் குடிக்க நேரம் ஏது? ரொட்டியோடு எலுமிச்சைப்புல்லும் இஞ்சியும் மட்டும் கொதிக்க வைத்த தண்ணீரைச் சூடாகக் குடியுங்கள். தூள் போட்ட சாயத்தைப் போத்தலில் ஊற்றி, பத்து மணி இடைவேளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். கைக்குழந்தைகளுக்கு மட்டும், அழுகை நிற்கட்டும் என்று சாயத்தண்ணி கொடுக்க வேண்டாம். பசியை மந்தமாக்கி, இரத்தத்தையும் குறைக்கும்.

சேர்ந்து செய்தால்

இவற்றை எல்லாம் ஒரே வீட்டில் வளர்க்க வேண்டும் என்றில்லை. உங்கள் சங்கத்தில் பத்துப் பேர் இருந்தால், ஒருவர் வீட்டில் எலுமிச்சைப்புல், ஒருவர் வீட்டில் இஞ்சி, ஒருவர் வீட்டில் சீனித்துளசி என்று பிரித்துக்கொள்ளுங்கள். மாதக் கூட்டத்துக்கு வரும்போது ஒரு பிடி கொண்டுவந்து மாற்றிக்கொள்ளலாம். செலவில்லாத சேமிப்பு இது. மலையகச் சகோதரிகள் தூளும் இஞ்சியும், வன்னிச் சகோதரிகள் பனங்கட்டியும் ஆவரசம்பூவும் என்று ஊர் விட்டு ஊர் மாற்றிக்கொண்டால் இன்னும் நல்லது.

தனியாக இருக்கும் ஒரு சகோதரி உங்கள் அயலில் இருந்தால், அவர் கூட்டத்துக்கு வராததற்குக் கோபிக்க வேண்டாம். ஒரு தூர் எலுமிச்சைப்புல்லோடு நீங்களே அவர் படலையைத் திறந்து போங்கள். "இதை எங்கே நடலாம்?" என்று கேட்டு, அவர் முற்றத்திலேயே நட்டுக் கொடுங்கள். அது தழைத்தபின் அவர் உங்களை அழைத்து ஒரு கோப்பை தருவார். அப்போது வேண்டாம் என்று சொல்லாமல் வாங்கிக் குடியுங்கள்.

அடுத்த மாதம் கற்பூரவள்ளியையும் வல்லாரையையும் பார்ப்போம். உங்கள் ஊரில் தேத்தண்ணிக்கு வேறு என்ன இலை போடுகிறீர்கள் என்பதை எழுதி அனுப்புங்கள். இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் சொல்வோம்.